அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால்

உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். மறுக்கக் கூடாது.

நாளைக் காலையில் வாசல் தெளித்த பிறகு கோலமாவுக் கிண்ணத்தை நீங்கள் எடுக்காதீர்கள். கோலம் போட்டே அறியாத ஒருவரிடம் கொடுங்கள். வீட்டுக்காரராக இருந்தால் இன்னும் விசேஷம். அவரை வாசலில் குனிய வைத்துவிட்டு, நீங்கள் கதவுக்கு உட்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது. கையைப் பிடித்து வளைக்கக் கூடாது. வாயால் மட்டும் சொல்லி, ஒரு சாதாரணப் புள்ளிக் கோலத்தை அவரைப் போட வைக்க வேண்டும்.

"7 புள்ளி வையுங்கள்" என்பீர்கள்.

"குறுக்கேயா, நெடுக்கேயா?"

"குறுக்கேதான். அப்புறம் ஊடு புள்ளியாக வைத்துக்கொண்டே போய், 4-ல் நிறுத்துங்கள்."

"ஊடு புள்ளி என்றால்?"

"இரண்டு புள்ளிக்கு நடுவில்! இதுகூடவா தெரியாது? சரி, இப்போது ஓரத்துப் புள்ளியைச் சுற்றி வளைத்துக்கொண்டு வாருங்கள்."

"எந்த ஓரம்? எந்தப் பக்கமாக வளைப்பது?"

கால் மணி நேரம் கழித்து நீங்கள் வாசலுக்கு வந்து பார்க்கும்போது, தாமரை மலர வேண்டிய இடத்தில் ஒரு நண்டு ஊர்ந்துகொண்டிருக்கும்!

போட்டவர் பேரில் குற்றம் இல்லை. காதில் விழுந்ததைத்தான் அவர் செய்தார். நீங்கள் மனத்தில் வைத்திருந்தது ஒன்று. வாயால் சொன்னது வேறொன்று. இந்தச் சங்கடத்துக்குத்தான் இன்றைய பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் என்று பெயர். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டுமே செய்யும். நாம் நினைத்ததைச் செய்யாது. வீட்டுக்காரருக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அது கோபித்துக்கொள்ளாது.

இந்தக் கோல விளையாட்டை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். பெண் பத்தாவது முடித்திருந்தாள். பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுப்பது என்று பேச்சு வந்தது.

"கம்ப்யூட்டர் ஸயன்ஸ் எடுக்கட்டுமே" என்றேன்.

"அதெல்லாம் அவளுக்கு வராது, அக்கா. வீட்டில் லாப்டாப்பில் உட்காருகிறவன் அவள் அண்ணன்தான். இவள் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பாள். அவ்வளவுதான்."

அந்தப் பெண் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அம்மா சொன்னதை அவள் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு மனத்தை உறுத்தியது. வராது என்று அவளும் நம்பிவிட்டாள்! மார்கழி மாதத்தில் எங்கள் தெருவிலேயே பெரிய சிக்குக் கோலம் அவள் போட்டதுதான்.

அவளுக்காகவும், அவளைப் போன்ற பெண்கள் உள்ள வீடுகளுக்காகவும் சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

"எங்களை ஏன் பிடித்தீர்கள்?"

பள்ளிக் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக் கொடுக்க முடியும் என்று முதன்முதலில் நம்பியவர்களில் மூன்று பேர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் இருந்தார்கள். ஸீமர் பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித நிபுணர். குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த பியாஜேயிடம் ஜினீவாவில் சில வருஷங்கள் இருந்துவிட்டு வந்தவர். வாலி ஃபோய்ர்ஸைக் இரண்டாமவர். மூன்றாமவர் ஒரு பெண்மணி, ஸிந்தியா ஸாலமன். இவர் கல்லூரியில் படித்தது சரித்திரம். ஒரு பேராசிரியருக்குக் காரியதரிசியாக வேலை பார்த்த காலத்தில், தாமாகவே முயன்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதக் கற்றுக்கொண்டவர். ஆக, "சரித்திரம் படித்தவளுக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்கிறவர்களுக்கு இவரைக் காட்டலாம்.

1967-ல் இவர்கள் குழந்தைகளுக்காகவே 'லோகோ' என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷையை உண்டாக்கினார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் யந்திரம். பெரிய ஸ்தாபனங்களும் சர்வகலாசாலைகளும்தான் அதை வைத்திருக்க முடியும். அதைக் குழந்தைகள் கையில் கொடுப்பதா என்று பலர் சிரித்திருப்பார்கள். ஆனாலும் 1968-69 பள்ளி ஆண்டில் பேப்பர்ட்டும் ஸாலமனும் லெக்ஸிங்டன் என்ற ஊரில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினார்கள்.

அந்த ஆரம்ப நாட்களைப் பற்றிப் பேப்பர்ட் பின்னால் 1980-ல் வெளிவந்த தம் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அதில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். வேண்டுமென்றே நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைகளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் நாளே அந்தச் சிறுமி கேட்ட கேள்வி, எங்களை ஏன் இதற்குப் பிடித்தீர்கள், நாங்கள் கெட்டிக்காரர்கள் இல்லையே என்பது.

கதவோரம் நின்ற பெண் நினைவுக்கு வருகிறாள் அல்லவா?

பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை, கம்ப்யூட்டரைக் கொண்டு தானாகக் கவிதை வரிகள் புனையச் செய்வது. சொற்களின் பட்டியலைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அவற்றில் சிலவற்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கோக்கும். எல்லாச் சொற்களையும் ஒரே கூடையில் போட்டால் என்ன ஆகும்? "ஓடினான் மேசை சிவப்பு நாய்" என்று உளறும். வாக்கியமாக வர வேண்டுமானால் பெயர்ச் சொற்களை ஒரு கூடையிலும் வினைச் சொற்களை இன்னொரு கூடையிலும் பிரித்து வைத்து, முதலில் இதிலிருந்து எடு, பிறகு அதிலிருந்து எடு என்று சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அந்தச் சிறுமி துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாளாம். பெயர்ச் சொல், வினைச் சொல் என்று இலக்கணத்தில் ஏன் பிரித்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் அவளுக்கு விளங்கிற்று! பல வருஷங்களாகப் பள்ளியில் இலக்கணம் சொல்லிக் கொடுத்தார்கள், அவளும் எழுதினாள், ஒன்றும் ஏறவில்லை. ஒரு யந்திரத்துக்குத் தானே வாத்தியாராக உட்கார்ந்து இலக்கணம் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்த அன்று ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பள்ளியில் அவளுடைய மதிப்பெண்களும் உயர்ந்தன என்கிறார் பேப்பர்ட்.

பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், அதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான். இங்கே 'பிறர்' என்பது கம்ப்யூட்டர், அவ்வளவே.

ஆமை கட்டிய வீடு

லோகோவுக்கு ஓர் ஆமை உண்டு. முதலில் அது தரையில் ஊர்ந்து போகும் யந்திர ஆமையாக இருந்தது. வயிற்றில் ஒரு பேனா. போகிற வழியெல்லாம் கோடு விழும். பின்னால் அது கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஆமைக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். "100 எட்டு முன்னே போ" என்றால் போகும். "வலப்பக்கம் 90 பாகை திரும்பு" என்றால் திரும்பும். இந்த இரண்டையும் 4 தடவை செய்யச் சொன்னால் அழகான சதுரம்.

சதுரம் வந்த மகிழ்ச்சியில் எந்தக் குழந்தையும் அடுத்தபடி போட விரும்புவது முக்கோணம். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தில் கோணம் 60 பாகை என்று பாடப் புத்தகம் சொல்கிறது. ஆகவே "100 எட்டு போ, 60 பாகை திரும்பு" என்று 3 தடவை. பார்த்தால் முக்கோணம் மூடிக்கொள்ளவே இல்லை! அறுகோணத்தில் பாதி வந்து நிற்கிறது.

ஏன் என்று கேட்டால் உபாத்தியாயர் பதில் சொல்ல மாட்டார். "நீயே ஆமையாக நடந்து பார்" என்பார். குழந்தை எழுந்து நடக்கும். ஒரு பக்கம் நடந்து முடித்து அடுத்த பக்கத்துக்குத் திரும்பும்போதுதான் தெரியும், உடம்பு திரும்புவது உள்கோணம் அல்ல, வெளிக்கோணம் என்று. 180-ல் 60 போக மீதி 120. "120 திரும்பு" என்று மாற்றினால் முக்கோணம் மூடிக்கொள்ளும். ஜியோமிதிப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் மறந்து போகும் விஷயம், இப்படிக் காலால் நடந்து கற்றால் மறக்காது.

சதுரமும் வந்தது, முக்கோணமும் வந்தது. இனி வீடு கட்டலாம். சதுரம் சுவர், முக்கோணம் கூரை. "சதுரம் போடு, முக்கோணம் போடு" என்று அடுத்தடுத்துச் சொன்னால், கூரை வீட்டின் உச்சியில் ஏறாமல் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும்! ஆமை சதுரத்தை முடித்த இடம் கீழ் மூலை. அங்கிருந்தே அது கூரையைத் தொடங்கிவிட்டது. "மேல் மூலைக்குப் போ, 30 பாகை வலப்பக்கம் திரும்பு, பிறகு கூரையைப் போடு" என்று நடுவிலே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

இங்கேதான், தாய்மார்களே, இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. மற்ற வகுப்புகளில் கணக்குத் தப்பானால் சிவப்பு மையில் ஒரு கோடு. அத்தோடு முடிந்தது. குழந்தை நோட்டை மூடி ஒளித்து வைத்துவிடும். இங்கே தப்பு என்பது முடிவல்ல, ஆரம்பம். கூரை உள்ளே விழுந்ததைப் பார்த்துக் குழந்தை முதலில் சிரிக்கிறது. பிறகு, 'எந்த அடியில் பிசகிற்று?' என்று தேடுகிறது. தேடிக் கண்டுபிடித்துத் திருத்துகிறது. ஒரே தடவையில் சரியாக எழுதுகிறவர் உலகத்தில் யாரும் இல்லை. பெரிய நிபுணர்களும் நாள் முழுவதும் பிழை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தப் பிழைக்கு அவர்கள் 'பக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூச்சி என்று அர்த்தம். யந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்வது முன்பே வழக்கம்தான். ஆனால் 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹார்வர்டில் ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோனபோது அதன் உள்ளே நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது! அதைப் பதிவு நோட்டில் ஒட்டி, முதல் நிஜப் பூச்சி இதுதான் என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் பத்திரமாக இருக்கிறது. அங்கே வேலை பார்த்த கிரேஸ் ஹாப்பர் என்ற மாதரசி இந்தக் கதையை வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாம்பரத்தில் கோல ஆராய்ச்சி

ஆமை கோடு இழுத்துக்கொண்டு ஊர்கிறது, புள்ளிகளைச் சுற்றி வளைகிறது என்றதுமே உங்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். 'இது நம் கோலம் மாதிரி அல்லவா இருக்கிறது?' என்று.

சரியான சந்தேகம். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் நம் வாசல் கோலங்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். சின்னக் கோலத்தை எந்த விதிப்படி பெரிய கோலமாக வளர்க்கிறார்கள்? ஒரே பூவைத் திரும்பத் திரும்ப எப்படிக் கோக்கிறார்கள்? ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல ஒரு கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா? முடியும் என்று காட்டி அவர்கள் எழுதிய கட்டுரை 1974-ல் ஒரு சர்வதேசக் கம்ப்யூட்டர் பத்திரிகையில் வெளிவந்தது. மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா? பின்னாளில் கனடாவில் பணியாற்றிய ஒரு பேராசிரியர், 'கிருஷ்ணனின் சலங்கை' போன்ற கோலங்களுக்கு விதி எழுதி, கம்ப்யூட்டர் ஆமையையே ஊர விட்டுக் காட்டினார்.

ஆகவே, "5-க்கு 5 வந்துவிட்டால் 9-க்கு 9 தானாக வரும்" என்று நீங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, அது வெறும் கைப்பழக்கம் அல்ல. சின்னக் கணக்கின் விடையிலிருந்து பெரிய கணக்கை வளர்ப்பது. கம்ப்யூட்டர் வகுப்பில் இதற்கு வேறு பெயர் வைத்து, கரும்பலகையில் எழுதி, மதிப்பெண் போடுகிறார்கள். சமையலறையில் சாதம் வேகும் நேரத்திலே பருப்பைத் தாளித்து, பால் பொங்குமுன் காய் நறுக்கி முடிக்கிற சாமர்த்தியமும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும், எதை எதோடு சேர்த்துச் செய்யலாம் என்ற ஒழுங்கு.

"எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது, நான் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று இனி நீங்கள் சொல்ல முடியாது!

பூட்டிய அறையும் மனப்பாடமும்

நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1984-85-ல். மத்திய சர்க்கார் 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் வகுத்து, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த 'பி.பி.சி. மைக்ரோ' யந்திரங்களை அனுப்பியது. அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறை என்றால் கோயில் கர்ப்பக்கிருகம் மாதிரி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையாகப் போய்த் தரிசித்துவிட்டு வர வேண்டியதுதான். தொடுவது யாராவது ஒருவர்.

காலம் மாறிற்று. 2011-ல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியருக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, எத்தனையோ வீடுகளுக்குள் முதன்முறையாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது. பல வீடுகளில் அது பெண்ணின் பெயரில் வந்தது. 2019-ல் பிளஸ் டூ கம்ப்யூட்டர் ஸயன்ஸ் புத்தகமும் புதிதாகி, 'பைத்தான்' என்ற பாஷை பாடமாயிற்று. உலகமெங்கும் உத்தியோகத்தில் இருக்கும் பாஷை அது.

ஆனால் ஒன்று மாறுவது கஷ்டமாக இருக்கிறது. பரீட்சைக்கு வரும் என்று பிள்ளைகள் கம்ப்யூட்டருக்கு எழுதும் உத்தரவுகளையே மனப்பாடம் செய்கிறார்கள்! சமையல் குறிப்பை நெட்டுருப் போட்டுவிட்டு அடுப்பையே பற்ற வைக்காமல் இருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உப்புக் கரித்தால் என்ன செய்வது என்பது குறிப்பைப் படித்தா தெரியும்?

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. இங்கிலாந்திலும் பல வருஷங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் என்றால் கடிதம் தட்டுவதும் அட்டவணை போடுவதுமாகத் தேய்ந்து போயிருந்தது. பிள்ளைகள் பலர் இதற்கு மேல் ஒன்றும் கற்கவில்லை என்று 2012-ல் ராயல் சொஸைட்டி கடுமையாக அறிக்கை விட்டது. 2014 செப்டம்பரிலிருந்து அங்கே பாடத்தையே மாற்றி, ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். உங்கள் பிள்ளை படிக்கும் பைத்தானுக்குள்ளேயே பழைய லோகோ ஆமை ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது. தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். 'இம்போர்ட் டர்ட்டில்' என்று ஒரு வரி எழுதிவிட்டு உத்தரவு கொடுத்தால் வெளியே வந்து ஊரத் தொடங்கும். மகளிடம், "எங்கே, அந்த ஆமையைக் கொண்டு ஒரு கோலம் போடு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். மனப்பாடம் செய்து போட முடியாத பாடம் அது.

சீட்டுக்கட்டு மந்திரம்

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கும் வழி உண்டு. நியூஸிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியர், கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் கற்பிக்க விளையாட்டுகளைத் தொகுத்தார். அதில் ஒன்றை இன்று மாலையே செய்து பார்க்கலாம்.

ஒரு சீட்டுக்கட்டு எடுங்கள். 5 வரிசை, வரிசைக்கு 5 சீட்டு. சில கவிழ்ந்திருக்கட்டும், சில நிமிர்ந்திருக்கட்டும். இந்த வரிசைகளைப் பையன் தன் இஷ்டப்படி அடுக்கட்டும். உங்கள் பெண் வந்து, "போதாது, கொஞ்சம் கஷ்டமாக்குகிறேன்" என்று சொல்லி ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சீட்டு, கடைசியில் கீழே ஒரு வரிசை முழுவதும் என்று சேர்ப்பாள். இப்போது 36 சீட்டு. பிறகு அவள் அடுத்த அறைக்குப் போய்விடட்டும். பையன் ஒரே ஒரு சீட்டை மட்டும் திருப்பி வைக்கட்டும். அவள் திரும்பி வந்து ஒரு கணம் பார்த்துவிட்டு, "இதுதான்" என்று தொட்டுக் காட்டுவாள். பையன் வாயைப் பிளப்பான்!

மந்திரம் இல்லை, மாயம் இல்லை. அவள் சேர்த்த சீட்டுகள் சும்மா சேர்த்தவை அல்ல. ஒவ்வொரு வரிசையிலும் கவிழ்ந்த சீட்டுகள் இரட்டைப்படையாக வரும்படி முதலில் சேர்த்தாள். பிறகு மேலிருந்து கீழாகப் பார்த்தாலும் இரட்டைப்படையாக வரும்படி கீழ் வரிசையை வைத்தாள். ஒரு சீட்டைத் திருப்பியதும், குறுக்கே ஒரு வரிசையும் நெடுக்கே ஒரு வரிசையும் ஒற்றைப்படையாகிவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குற்றவாளி!

கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும்போது வழியில் பிசகு நேர்ந்ததா என்று பார்ப்பதும் இதே மாதிரி யோசனைதான். உங்கள் வங்கி அட்டையின் எண்ணில் கடைசி இலக்கம் இருக்கிறதே, அது முன்னால் உள்ள இலக்கங்களைக் கொண்டு கணக்கிட்டு வைத்த காவல்காரன். ஒரே ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினாலும் காட்டிக் கொடுத்துவிடும். யந்திரம்கூடத் தான் தப்புச் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டு அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கும்போது, குழந்தை ஒரு தப்புச் செய்துவிட்டால் நாம் ஏன் முகத்தைச் சுளிக்க வேண்டும்?

எந்த அறையில் வைத்தார்கள்?

இப்போது நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர் ஆண்களுக்கு உரியது என்று யாரும் பிறக்கும்போதே எழுதி வைக்கவில்லை. 1946-ல் அமெரிக்காவில் 'எனியாக்' என்ற மாபெரும் கம்ப்யூட்டரைக் கணக்குப் போட வைத்தவர்கள் ஆறு பெண்கள். 1984-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த நாட்டில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் பட்டம் வாங்கியவர்களில் 100-க்கு 37 பேர் பெண்கள். பிறகு அந்த எண்ணிக்கை சரிந்துகொண்டே போய், 2010-ஐ ஒட்டி 18-க்கு வந்துவிட்டது. டாக்டர் படிப்பிலும் சட்டப் படிப்பிலும் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில்!

ஏன்? ஜேன் மார்கோலிஸ் என்ற பெண்மணியும் ஆலன் ஃபிஷர் என்பவரும் பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெல்லன் சர்வகலாசாலையில் 100-க்கும் மேற்பட்ட மாணவ மாணவியரைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். அவர்கள் சொன்ன கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது வீட்டுக் கதை. 1980-க்குப் பிறகு வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அது பெரும்பாலும் பையனின் அறைக்குப் போயிற்று. அப்பா பையனோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். பெண் பின்னால் நின்று பார்த்தாள். கல்லூரிக்கு வந்தபோது பையன்கள் பத்து வருஷப் பழக்கத்தோடு வந்தார்கள். அதைப் பார்த்த பெண்கள், 'இவர்களுக்குப் பிறவியிலேயே வருகிறது. நமக்கு வராது' என்று நினைத்து ஒதுங்கினார்கள். பழக்கத்தைப் புத்தி என்று எல்லோரும் தப்பாக எண்ணிவிட்டார்கள்!

அந்தச் சர்வகலாசாலையார் சும்மா இருக்கவில்லை. முன் பழக்கம் இல்லாதவர்களுக்குத் தனியே ஆரம்ப வகுப்பு வைத்தார்கள். சேர்க்கும்போது முன் பழக்கத்துக்குக் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்தார்கள். உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயர்களைக் கோடையில் அழைத்து, பெண்களை எப்படி வகுப்புக்குள் கொண்டு வருவது என்று பேசினார்கள். 1995-ல் புதிதாகச் சேர்ந்தவர்களில் 100-க்கு 7 பேர் பெண்கள். 2000-ல் 42 பேர்! ஐந்தே வருஷத்தில் பெண்களின் மூளையா மாறிவிட்டது? நாற்காலி மாறிற்று.

நம் ஊரில் கல்லூரிக் கம்ப்யூட்டர் வகுப்புகளில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஒரே ஒரு ஃபோன் இருந்த வீடுகளில் அது யார் கைக்குப் போயிற்று? அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கவும் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் யாரைக் கூப்பிட்டார்கள்? உங்கள் வீட்டுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

நாற்காலியை இழுத்துப் போடுங்கள்

முடிக்குமுன் சில வார்த்தைகள். பள்ளிக்கூடம் செய்ய வேண்டியதைப் பள்ளிக்கூடம் செய்யட்டும். வீட்டில் செய்ய வேண்டியது நம் கையில் இருக்கிறது.

யந்திரத்துக்கு முறை வையுங்கள். அண்ணனுக்கு ஒரு மணி என்றால் தங்கைக்கும் ஒரு மணி. அவள் முறை வரும்போது, "கொஞ்சம் கடைக்குப் போய்விட்டு வாடி" என்று எழுப்பாதீர்கள்.

அவள் தடுமாறும்போது அண்ணனோ அப்பாவோ, "தள்ளு, நான் செய்து காட்டுகிறேன்" என்று கையை நீட்டினால் தடுத்துவிடுங்கள். வாயால் சொல்லலாம்; கையால் தொடக் கூடாது. கோலத்துக்கு நாம் வைத்த அதே சட்டம்.

தப்பு வந்தால், "தப்பு" என்று சொல்லாமல், "எந்த அடியில் பிசகிற்று? முதலிலிருந்து எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "ஓ! கண்டுபிடித்துவிட்டேன், அம்மா!" என்று அவளே கத்துவாள். இது நான் கண்ட அனுபவம்.

ஆமாம், பக்கத்து வீட்டில்தான்! அந்தப் பெண் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் எடுத்துக்கொண்டாள். அவள் அம்மாவும் ஒரு வழியாகச் சம்மதித்து, சாயங்காலம் 6 மணியிலிருந்து 7 மணி வரை லாப்டாப்பை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டார். போன வாரம் எதற்கோ அங்கே போயிருந்தேன். திரையில் ஆமை புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடிற்று. ஒரு சுழி மட்டும் கோணலாகத் திரும்பி, நடுவிலே போய் முட்டிக்கொண்டது. பெண் சிரித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினாள்.

அவளுக்குப் பின்னால், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, அவள் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.